எந்தப் பாட்டை நிறுத்துவது? கடற்கரை வானொலியில் கற்றுக்கொண்டவை

வானொலியில் ஒரு பாட்டுக்குத் தடை என்றால் டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ உத்தரவு வரும், அன்றோடு அந்தப் பாட்டு நின்றுபோகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். நான் பார்த்தவரை, பாட்டு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தயக்கம். "எதுக்கு வம்பு" என்று ஒரு நொடி யோசிப்பார், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். காகிதம் கிடையாது, காரணம் கிடையாது. பாடியவருக்கும் தெரியாது, கேட்க ஆசைப்பட்டவருக்கும் தெரியாது.

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சமுதாய வானொலியில் சில வருடங்கள் பாட்டுத் தேர்வு என் பொறுப்பில் இருந்தது. அந்த "எதுக்கு வம்பு"வோடுதான் எனக்கு அன்றாடம் வழக்கு. சில பாட்டுகளை நானே உறுதியாக நிறுத்தியிருக்கிறேன், இன்று கேட்டாலும் நிறுத்துவேன். வேறு சிலவற்றை நிறுத்தச் சொல்லி ஆள் மேல் ஆள் பேசியபோதும் ஒலிபரப்பினோம். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் சட்டம். 2006-ல் வந்த கொள்கைக்குப் பிறகுதான் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த முடிந்தது, அதுவரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். அலையின் வலிமை பொதுவாக 100 வாட், அவ்வளவுதான். கரையில் சில ஊர்கள், கடலில் பக்கத்தில் நிற்கும் நாட்டுப்படகுகள், இவர்கள்தான் நமக்கு நேயர்கள். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும். பாட்டு உட்பட எல்லாமே அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிகளுக்குள் இருக்க வேண்டும். அந்த நெறிகளைப் புதிதாக வருபவர்கள் முதல் வாரமே வாசித்துவிட வேண்டும், ஒரு பக்கம்கூட வராது. நட்பு நாடுகளை விமர்சிப்பது, மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, ஆபாசமும் அவதூறும், வன்முறையைத் தூண்டுவது, நீதிமன்ற அவமதிப்பு, குடியரசுத் தலைவர், ஆளுநர், நீதித்துறை ஆகியோரின் நேர்மைமீது களங்கம் சுமத்துவது, கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது, மத்திய மாநில அரசுகள்மீது பகைமையான விமர்சனம், அரசியல் சட்டத்தை அவமதிப்பது. இவை கூடாது.

மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் இதை வாசித்தால் "ஆபாசம்" என்ற இடத்தில்தான் கண் நிற்கும். எங்களுக்கு முதல் வரியே இடிக்கிறது. நட்பு நாடு என்றால் எங்கள் கரையில் நின்றால் எதிரே இருக்கிற நாடு. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர். எங்கள் பிள்ளைகள் தாங்களாக ஒரு பாட்டுக் கட்டினால் அதில் பாதி அந்தக் கடலைப் பற்றித்தான் இருக்கும்.

அந்தப் பாட்டுகளுக்கு வருவேன். அதற்கு முன் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாட்டுத் தடையின் பலன் என்ன என்று எங்கள் கரைக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பெரியவர்களுக்கு ரேடியோ என்றால் சிலோன் ரேடியோதான். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு மக்களின் ரசனை உயர வேண்டும் என்று நம்பினார். திரைப்பாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்தார், படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமத்தைத் திரும்பப் பெற, சில வருடங்களுக்குத் திரைப்பாட்டே அகில இந்திய வானொலியில் இல்லாமல் போனது. கேட்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை, முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இந்தி கேட்டவர்கள் அமீன் சயானியின் குரலுக்குப் போனார்கள். தமிழ் கேட்டவர்களுக்கு எஸ்.பி. மயில்வாகனம், அவருக்குப் பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு பெரிய வரிசையே இருந்தது. டெல்லி தன் தவறை உணர்ந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-ல். அதற்குப் பிறகும் எங்கள் ஊர் டீக்கடைகளில் முள் கொழும்பைவிட்டு நகரவில்லை. என் அப்பா கடலுக்குப் போய்வந்து வலை பின்னும்போது கேட்டதெல்லாம் அக்கரைக் குரல்கள்தான்.

அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டு, 1970-களின் தொடக்கத்தில்தான் அதைத் தளர்த்தியது. வள்ளி திருமண நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த எங்கள் மாவட்டத்தில் ஆர்மோனியம் இல்லாத பாட்டை யோசிக்கவே முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்திலிருந்து, ஆட்சியாளர்களின் நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காகக் கிஷோர் குமாரின் குரல் அரசு வானொலியில் நிறுத்தப்பட்டது. பிரிட்டனிலும் இதே கதைதான். 1984 ஜனவரியில் பிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பாட்டு ஒன்றை பிபிசி நிறுத்தியது. அடுத்த சில நாட்களில் அது முதலிடத்துக்குப் போய் ஐந்து வாரம் அங்கேயே இருந்தது.

ஆகவே எங்கள் நிலையத்தில் முதல் விதி இப்படி வைத்தோம்: ஒரு பாட்டை ஒலிபரப்பவில்லை என்றால் அதை ஒலிபரப்பில் சொல்லக் கூடாது. "இந்தப் பாடலை எங்களால் போட முடியாது" என்று அறிவிப்பாளர் ஒரு தடவை சொல்லிவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் அது ஊரில் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கும். கேட்டவரிடம் தனியாக, காரணத்தோடு, மரியாதையாகச் சொல்லிவிடலாம். பீப் சத்தம் போடுவதும் அப்படித்தான். பீப் போட்ட இடத்தில் என்ன சொல் என்று கண்டுபிடிப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும்.

இப்போது நான் நிறுத்திய பாட்டுகளைச் சொல்கிறேன்.

சாதிப் பெருமைப் பாட்டு. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். 1957-ல் அவர் கொல்லப்பட்ட தேதி அது. அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாவட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். தடையுத்தரவு போடுவார்கள், ஊருக்கு ஊர் சோதனைச் சாவடி இருக்கும், வண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிச் சாதிப் பாட்டுப் போட்டால் வழக்குப் பாயும். 2011 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவைத் தாண்டும்போது எந்தப் பாட்டை அணைக்க வேண்டும் என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். கட்டி வைத்த குழாயை இழந்தவர்களும் உண்டு, அடி வாங்கியவர்களும் உண்டு.

இதில் சிக்கல், உள்ளூரில் இறுவட்டில் வரும் பாட்டு இல்லை. அதைக் கேட்ட உடனே தெரிந்துவிடும். தணிக்கை முடிந்து, எல்லாப் பண்பலையிலும் ஓடுகிற, பெரிய இசையமைப்பாளரின் படப்பாட்டுகள் சில உண்டு. வரியில் சாதிப் பெயரே இருக்காது. ஆனால் இந்த மாவட்டத்தில் எந்தப் பாட்டு யாருடைய கொடி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல மெட்டு, இங்கே அது தெருவில் நின்று தொடை தட்டுவதற்குச் சமம். அதனால்தான் எந்தப் பொதுப் பட்டியலும் எங்களுக்கு முழுதாக உதவாது என்கிறேன். 2022 இறுதியில் மது, போதை, துப்பாக்கி, ரவுடித்தனத்தைப் புகழும் பாட்டுகளைப் போடக் கூடாது என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பண்பலை நிலையங்களை எச்சரித்தது. அது பஞ்சாப் பக்கத்துத் துப்பாக்கிப் பாட்டுகளைப் பார்த்து வந்த எச்சரிக்கை. எங்கள் ஊர்ப் பாட்டில் துப்பாக்கி இருக்காது, ஒரு மீசை இருக்கும், ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். உள்ளூர்க் காதுதான் அதைக் கண்டுபிடிக்கும்.

எங்கள் ஏற்பாடு இப்படி. சந்தேகமான பாட்டை ஒருவர் மட்டும் கேட்டு முடிவுசெய்யக் கூடாது. வேறு வேறு தெருவைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கடைசிச் சரணம் வரை கேட்க வேண்டும். (பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு ஏற்றினால், மூன்றாவது சரணத்தில் வரும் ஒரு வரிக்காக ராத்திரி முழுக்கத் தொலைபேசி அடிக்கும்.) ஒருவர் "என் தெருவுக்கு இது வலிக்கும்" என்றால் அதற்கு மேல் விவாதம் கிடையாது, அந்தப் பருவத்துக்கு அது இல்லை. சாதி விஷயத்தில் மட்டும்தான் இப்படி ஓர் ஆளுக்கு நிறுத்தும் அதிகாரம் கொடுத்தோம். மற்றவற்றில் கொடுத்தால் வானொலியில் பாட்டே மிஞ்சாது.

அடுத்தது நேயர் விருப்பம். நிலையம் நடத்துகிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பாட்டில் ஒரு குற்றமும் இருக்காது. யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதில் விஷம் இருக்கும். ஒரு தெருவில் பெண் தானே போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வாரம் அவள் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் சொல்லி, மணமகளை வாழ்த்துகிற பழைய பாட்டு ஒன்றை ஒருவர் கேட்டார். "எங்க மாமாவுக்காகப் போடுங்கக்கா, ரொம்ப சந்தோஷப்படுவாரு" என்றார். குரலிலேயே சிரிப்பு. நல்லவேளையாக அன்றைக்குத் தொலைபேசி எடுத்த பெண் பக்கத்துத் தெருக்காரி, இணைப்பைக் கொடுக்கவில்லை. போட்டிருந்தால் அந்த வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதற்குப் பிறகு விருப்பப் பாட்டில் தன் வீட்டுக்காரர்களின் பெயரை மட்டும்தான் சொல்லலாம் என்று வைத்தோம். மற்றவர் பெயர் சொன்னால், அழைப்பவரின் எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் போடுவோம். நேரலையில் தெரியாத பெயரை வாசிப்பதே இல்லை. இதை எந்த விதிப் புத்தகத்திலும் பார்க்க முடியாது, ஆனால் கிராமத்து வானொலிக்கு இதைவிட அவசியமான விதி இல்லை.

நேரமும் அப்படித்தான். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறி, போன படகில் ஒன்று கரை திரும்பவில்லை என்றால், அன்று குத்துப்பாட்டு இல்லை. கடலில் போனவனை நினைத்து அழுகிற பாட்டும் இல்லை. பாட்டையே குறைத்துவிட்டு வானிலை அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வோம். யாரும் இதற்கு உத்தரவு போடவில்லை. ஆனாலும் இதையும் நோட்டில் எழுதி வைப்போம்: என்ன பாட்டு, ஏன் எடுத்தோம், எப்போது திரும்பப் போடலாம்.

சரி, நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாதவை.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு பற்றி எல்லாருக்கும் தெரியும். ஒருவர் வரி சொல்ல, மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். அதைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இயந்திரம் வந்தபின் பாடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வயதான ஒருவரைத் தேடிப் போனேன். தெய்வத்தைக் கூப்பிடுகிற வரிகளை எல்லாம் பாடினார், அப்புறம் நிறுத்திவிட்டார்.

"இன்னும் இருக்கும்ல தாத்தா?"

"இருக்குது தாயி. அத எப்புடி ஒன் முன்னாடி பாடுறது?"

பக்கத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் சம்சாரம்தான், "பாடுய்யா, நாங்க கேக்காத பாட்டா" என்றார். பாடினார். கொழுந்தியாளையும் மாமியாரையும் பற்றி, பச்சையாக, படு வேடிக்கையாக. அங்கே இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாரம் இழுக்கிற நேரத்தில் கை தளராமல் இருக்க அந்தச் சிரிப்பு வேண்டும், அதற்காகவே கட்டிய வரிகள் அவை.

நிலையத்தில் கேட்டவர்கள், முழுதாக அழித்துவிடலாம் என்றார்கள். யாராவது புகார் கொடுத்தால் உரிமமே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம்தான். ஆனால் பதிவை அழிப்பதும் ஒலிபரப்பாமல் இருப்பதும் வேறு வேறு. மூலப் பதிவை ஒரு எழுத்தும் வெட்டாமல் தனியாகப் பத்திரப்படுத்தினோம், பாடியவர், ஊர், தேதி எல்லாம் எழுதி. ஒலிபரப்புக்கு வேறு பிரதி எடுத்தோம். அம்பாவில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஏலேலோ வருகிறது. அந்த இடத்தில் வெட்டி அடுத்த ஏலேலோவில் ஒட்டினால் தாளம் கெடாது, வெட்டிய இடமே தெரியாது. ரொம்பப் பச்சையான சில வரிகளை இப்படி எடுத்தோம். மாமியார் கேலியை அப்படியே விட்டோம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வைத்தோம். முக்கியமான காரியம் ஒன்று: எந்த வரியை எடுக்கிறோம் என்று தாத்தாவிடம் போய்ச் சொல்லி, அவரிடம் போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கினோம். ஒரு வரியை அவரே, "இத விட்டுரு, அத எடு" என்று மாற்றிக் கொடுத்தார். பாடியவருக்குத் தெரியாமல் பாட்டை வெட்டுவது பெரிய அவமரியாதை. படித்தவர் பாட்டுக்கு அனுமதி கேட்போம், கரைவலைக்காரர் பாட்டுக்குக் கேட்க மாட்டோம் என்றால் அது சரியில்லை.

கடற்பாசி எடுக்கும் பெண்கள் கட்டிய பாட்டு வேறு வகை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுக்கப் போன இடத்துக்குப் போகக் கூடாது என்றால் வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும். அதைப் பாட்டாகப் பாடினார்கள். அதில் ஓர் அதிகாரியை ஊரில் அழைக்கும் பட்டப்பெயரோடு திட்டி ஒரு வரி. நெறியில் இருக்கிற "அரசுமீது பகைமையான விமர்சனம்" என்பதைக் காட்டி முழுப் பாட்டையும் நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. நெறியை மறுபடி வாசித்தோம். பிடுங்கிய பாசி மூட்டையைப் பற்றி அழுவது பகைமை ஆகாது. தனி ஆளைப் பட்டப்பெயரில் இழுப்பது அவதூறு ஆகும். அந்த ஒரு வரி போனது, பாட்டு ஒலிபரப்பானது. பாடிய அக்காமார்களிடம் காரணம் சொன்னபோது அவர்கள் கோபப்படவில்லை. "ஆளு மாறிப் போவான், பாட்டு இருக்கும்" என்று ஓர் அக்கா சொன்னார்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது ஒரு பையனின் பாட்டு. அவன் அப்பா போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அப்பா சிறையிலிருந்து வந்துவிட்டார், படகு வரவில்லை. கடனும் வட்டியும் வீட்டில் உட்கார்ந்துகொண்டன. பையன் கானா மெட்டில் ஒரு பாட்டு எழுதிக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தான். கச்சத்தீவு அதில் வருகிறது, 1974 ஒப்பந்தம் வருகிறது, தாத்தா அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போன கதை வருகிறது. நல்ல பாட்டு, கேட்டால் நெஞ்சை அடைக்கும். நடுவில் சிங்கள மக்களையே இழிவாகத் திட்டி இரண்டு வரி.

எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நட்பு நாடு, நெறியின் முதல் வரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் கரையில் நடக்கிற முதல் துயரத்தைப் பற்றி எங்கள் வானொலியில் பாட்டு வரக் கூடாது என்றால் இந்த வானொலி யாருக்கு? அவனை உட்காரவைத்துப் பேசினேன். "உங்க அப்பாவைப் பிடிச்சது யாரு தம்பி?" என்று கேட்டேன். "நேவிக்காரன்." "அங்க சிறையில சோறு போட்டது?" யோசித்தான். அப்பா அங்கே ஒருவர் உதவி செய்ததாகச் சொல்லியிருக்கிறார் என்றான். அந்த இரண்டு வரியையும் அவனே எடுத்துவிட்டு, படகைப் பற்றி இரண்டு வரி எழுதினான். முன்னைவிட அது வலித்தது. படகின் பெயரைச் சொல்லி, நீ எந்தத் துறையில் துருப்பிடித்துக் கிடக்கிறாய் என்று கேட்கிறான்.

நடந்ததைச் சொல்வது வேறு, ஒரு நாட்டையோ மக்களையோ தூற்றுவது வேறு என்று ஒரு பக்கம் எழுதி, பாட்டின் வரிகளோடு கோப்பில் வைத்துவிட்டுத்தான் ஒலிபரப்பினோம். ஒரு வாரத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. யார் பேசுகிறார்கள், என்ன பதவி, எந்த விதியின்கீழ் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். கேள்வியை எழுத்தில் தந்தால் எழுத்தில் பதில் தருகிறோம் என்று பணிவாகச் சொன்னோம். எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆனாலும் வரிகள், காரணம், ஒலிப்பதிவு மூன்றையும் நாங்களே கடிதத்தோடு அனுப்பிவைத்தோம். அந்தப் பதிவை மூன்று மாதத்துக்குப் பிறகும் அழிக்கவில்லை. பிரச்சினைக்குரிய எதையும் அழிக்காதீர்கள். நாலு மாதம் கழித்து யாராவது "நீங்கள் இப்படிப் போட்டீர்களாமே" என்று வந்தால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

அதே சமயத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அழுத்தம் வரும் என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டபத்தில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு வயதான அம்மா சிலோன் மனோகர் பாடிய, சிங்களச் சொற்கள் கலந்த பைலாப் பாட்டு (இலங்கையின் துள்ளல் பாட்டு வகை) ஒன்றைக் கேட்டிருந்தார். ஊரைவிட்டு வந்தவருக்குத் தன் வாலிபத்து ஞாபகம். அந்த வாரம்தான் படகுகளைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கூப்பிட்டார். "எங்க ஆளுக உள்ள கெடக்கானுக, நீங்க சிங்களப் பாட்டு போடுறீகளோ?" அவர் தம்பியும் பிடிபட்டவர்களில் ஒருவர். அவரிடம் எந்த நியாயமும் பேசவில்லை, பேசி முடிக்கும்வரை கேட்டேன். மறுநாள் காலையில் பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்கள் பேசும் நிகழ்ச்சிக்கு அவரையும் அழைத்தேன். வந்தார், பேசினார். ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் சமாதானம் ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை என்று நினைக்கிறேன். அந்த அம்மா கேட்ட பாட்டைப் போட்டது சரி என்பதில் எனக்கும் மாற்றமில்லை. சில பாட்டுகளில் இப்படி ஒருவருக்கு மனவருத்தம் மிஞ்சத்தான் செய்யும்.

இலங்கைப் போரைப் பற்றிய பாட்டுகளில் மட்டும் ஒரு கோடு தெளிவாக வைத்திருந்தோம். 1992-லிருந்து இந்தியாவில் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் பெயர், தலைவர், கொடி, ஆயுதம் வரும் பாட்டு ஒலிபரப்பில் இல்லை. ஊரை, வீட்டை, செத்தவர்களை, பனைமரத்தை நினைத்துப் பாடுவதற்குத் தடை இல்லை. முகாமில் இருப்பவர்களுக்கு அதை நேராகச் சொல்லிவிட்டால் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் தவிர்த்தால்தான், அகதிகள் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று மனம் நோகிறார்கள்.

கட்சிப் பாட்டுக்கு ஒரே வரி போதும். நாகூர் ஹனிபா எங்கள் ராமநாதபுரத்தில் பிறந்தவர். அவருடைய இறைவன் புகழ் பாட்டு ரம்ஜானில் மட்டுமில்லாமல் எல்லா நாளும் போடுவோம், எல்லா மதத்துக்காரர்களும் கேட்டு வாங்குவார்கள். அதே குரலில் இருக்கும் கட்சிப் பாட்டு எவ்வளவு கணீரென்று இருந்தாலும் மேடைக்குத்தான்.

வேலையை ஒப்படைத்தபோது நான் கொடுத்த நோட்டு பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாலு கட்டம்: பாட்டு, யார் யார் கேட்டார்கள், என்ன காரணம், மறுபடி எப்போது பார்ப்பது. நாலாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து "இல்லை" என்று எழுதிய எல்லாவற்றையும் திரும்பக் கேட்பது வழக்கம். சாதிப் பாட்டுகள் ஒவ்வொரு முறையும் இல்லையாகவே இருந்தன. "பழைய ஆள் யாரோ வேண்டாம் என்றார்" என்று மட்டும் இருந்த பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஒலிபரப்புக்குத் திரும்பின. காரணம் எழுதாமல் நின்றவைதான் அதிகம். அந்தப் பொறுப்புக்கு இப்போது வந்திருக்கும் தங்கச்சி, அம்பாப் பாட்டின் மாமியார் வரிகளை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டு எழுதியிருந்தாள். தாத்தாவிடமும் அவர் சம்சாரத்திடமும் கேட்டுவிட்டு முடிவுசெய் என்று பதில் போட்டிருக்கிறேன்.